கிழிந்த உடுப்பு போடச் சொன்னேன்

அறுபதுகளின் தொடக்கத்தில், யாழ்ப்பாணத்திலிருந்து கடல் கடந்து பள்ளிபாளையத்தில் ஓர் இல்லத்துக்குச் சமூகசேவைப் பயிற்சிக்காக வந்தேன். யாருமற்ற பெண்பிள்ளைகள் தங்கி நெசவு நெய்யும் இல்லம் அது. "பாவம் இந்தப் பிள்ளைகள்" என்று வாராவாரம் ஊருக்குக் கடிதம் எழுதுவேன். அவர்களுக்காக உருகுவதில் எனக்கு ஒரு பெருமை.

ஒருநாள், உதவி செய்யக்கூடியவர்கள் சென்னையிலிருந்து பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. பிள்ளைகளைக் கூப்பிட்டேன்.

"நாளைக்கு எல்லாரும் கிழிஞ்ச உடுப்பைப் போடுங்கோ. பார்க்கிறவைக்கு இரக்கம் வரவேணும்."

பதினாறு வயது செல்லம்மா தறியை நிறுத்திவிட்டு எழுந்தாள்.

"ஏனுங்கக்கா, கிழிஞ்சதைக் கட்டிக்கிட்டு நின்னா, நாங்க நெய்யுற சேலையை ஆருங்க நம்பி வாங்குவாங்க?"

எனக்கு முகம் சுட்டது. நல்லது செய்வதாக நினைத்து அவர்களைக் கையேந்த வைக்கப் பார்த்திருக்கிறேன்.

"நான் சொன்னது பிழை, செல்லம்மா. உங்கட விருப்பப்படி உடுத்துங்கோ" என்றேன்.

மறுநாள் அத்தனை பேரும் தாங்கள் நெய்த சேலையைக் கட்டி, பூ வைத்துக்கொண்டு தறியில் உட்கார்ந்திருந்தார்கள். செல்லம்மா ஒரு சேலையை வெயிலில் விரித்து, எங்கும் ஓர் இழைகூடத் தப்பவில்லை என்று காட்டினாள். சென்னையிலிருந்து வந்தவர்களில் ஓர் அம்மாள் அசந்துபோய், அங்கேயே சேலைகளுக்குச் சொல்லிவைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டார்.

"அந்த அநாதைப் பிள்ளைகள் எங்கேம்மா?"

"அப்படி இங்க ஒருத்தரும் இல்லை. இருக்கிற எல்லாரும் நெசவாளிகள்."

என் குரல் அவ்வளவு நிமிர்ந்து நான் கேட்டதில்லை. அந்த வாரம் ஊருக்கு எழுதிய கடிதம் வழக்கத்தைவிட நீளம். அதில் ஓரிடத்திலும் 'பாவம்' இல்லை.