சேவ் அண்ணனின் இரண்டு விரல்கள்

ஒரு பூவை வரைந்து முடித்ததும் அவர் இரண்டு விரலால் கணினியின் பொத்தான்களை இரண்டு முறை தட்டுவார். சேமிக்க ஒரு தட்டு போதுமாம். பதினான்கு வருடமாக நான் பார்த்தது இரண்டு தட்டுதான். சாப்பிடும்போதுகூட மேசை விளிம்பில் அந்த விரல்கள் தட்டும். எங்கள் எம்பிராய்டரி பட்டறையில் அவருக்கு ‘சேவ் அண்ணன்’ என்றே பெயர் விழுந்துவிட்டது.

எந்த இடத்தில் ஊசி இறங்க வேண்டும் என்று இயந்திரத்துக்குச் சொல்லும் டிசைன் கோப்புகளைச் செய்வது அவர் வேலை. தைத்து வந்த துணியில் பிசிறு நூல் வெட்டுவது என் வேலை. ஆயிரத்துக்கு மேல் டிசைன் செய்திருந்தார். எல்லாவற்றுக்கும் தனி டிஸ்க்கில் நகலும் வைத்திருந்தார். ஒருநாள் முதலாளி அதைப் பிடுங்கிக்கொண்டார்.

“இத எவன்கிட்ட குடுக்கப் போற?”

“ஐயா, கம்ப்யூட்டர் படுத்துட்டா இதுதான் கை குடுக்கும்.”

“அதான் எல்லாத்தையும் நெட்ல ஏத்தியாச்சே. என் வீட்டு கம்ப்யூட்டர்லகூட தெரியுது.”

“அது கண்ணாடி மாதிரிங்க. அங்க அழிச்சா இங்கயும் அழிஞ்சிரும்.”

“அப்ப அதுல உன் மூஞ்சியப் பாத்துக்கோ.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த டிஸ்க்கைத் துடைத்துவிட்டு முதலாளி அதில் சினிமாப் படங்களை ஏற்றிக்கொண்டார்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, துணி மூட்டையோடு முதலாளி வீட்டு வாசலில் நின்றேன். உள்ளே முதலாளியம்மா தங்கையிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். “கம்ப்யூட்டர்ல எடமே இல்லடி. ஒரே பூவும் கொடியுமா கெடந்துச்சு. பூராத்தையும் அழிச்சுத் தள்ளிட்டேன்.”

நான் பட்டறைக்குத் திரும்பியபோது சேவ் அண்ணன் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். முதலாளி அவர் சட்டையைப் பிடித்திருந்தார்.

“வித்துட்டு அழிச்சிட்டியாடா?”

“ஐயா, அழிச்சது முப்பது நாள் நெட்டுல குப்பைத்தொட்டியில கெடக்கும். பாஸ்வேர்ட் உங்ககிட்டதான இருக்கு? நீங்களே தொறந்து பாருங்க.”

“என்னையே குப்பை கிளறச் சொல்றியா?”

முதலாளியம்மா போனில் சொன்னது என் வாய் வரை வந்தது. சொன்னால் எனக்கு அன்றே கணக்கு முடிந்திருக்கும். எச்சிலோடு விழுங்கிவிட்டேன். தினமும் காலையில் சேவ் அண்ணன் முதலாளி அறை வாசலில் நின்று, “இன்னும் பதினெட்டு நாள் இருக்குய்யா”, “இன்னும் ஒம்பது நாள்ய்யா” என்பார். வெட்டிக்கொண்டிருக்கும் நூலிலிருந்து நான் தலை தூக்கவில்லை.

நாற்பதாம் நாள் முதலாளியின் மருமகன் வந்து அந்தக் குப்பைத்தொட்டியைத் திறந்து பார்த்தார். அப்போது நான் அந்த அறையைக் கூட்டிக்கொண்டிருந்தேன்.

“தொட்டி காலி மாமா. அழிச்சது உங்க வீட்டு கம்ப்யூட்டர்லேருந்துன்னு இதுல பதிவாயிருக்கு.”

முதலாளி எழுந்து கதவைச் சாத்தினார். பிறகு, “யார் அழிச்சா என்ன? காவல் காக்க வேண்டியவன் அவன்தானே. இது வெளிய போக வேணாம்,” என்றார். என்னை அவர் ஓர் ஆளாகவே எண்ணவில்லை.

திருடன் என்று ஏற்கெனவே மற்ற எல்லாப் பட்டறைக்கும் சொல்லியாகிவிட்டது. சேவ் அண்ணனை யாரும் சேர்க்கவில்லை. அவருடைய நாற்காலியில் வேறொருவர் இருக்கிறார். வேறு வழியில்லாமல் சேவ் அண்ணன் இப்போது என் பக்கத்தில் உட்கார்ந்து பிசிறு வெட்டுகிறார். ஒவ்வொரு துணி முடிந்ததும் முழங்காலில் இரண்டு முறை தட்டுகிறார். நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை.