செத்த போத்தல்

நான்கு வருடமாக என் விரல்கள் நீலம். மெதிலீன் நீலம் சவர்க்காரத்துக்கு அசைகிற சாயம் இல்லை. பற்றீரியாவிடம் இலத்திரனை வாங்கிக்கொண்டுபோய் மின்வாயில் கொடுப்பதுதான் அதன் வேலை. வாங்கும்போது நிறம் போய்விடும், கொடுத்ததும் மறுபடி நீலமாகும். என் போத்தல்களில் அது ஒழுங்காக நடந்தது, மின்சாரமும் வந்தது. பற்றீரியாதான் மின்சாரம் தருகிறது என்பதை நம்பித்தான் என் கலாநிதிப் பட்டம் இருந்தது.

வெக்ஸ்போர்ட் வீட்டில் அம்மாவும் நானும்தான். அம்மாவுக்குப் பற்றீரியா எல்லாம் பூச்சி. அவற்றுக்குச் சாப்பாடு குளுக்கோஸ் என்று ஒருநாள் சொல்லித் தொலைத்துவிட்டேன். அன்றிலிருந்து நான் பஸ் பிடிக்க ஓடும்போதெல்லாம் ஒரே கேள்வி: "பூச்சியளுக்குச் சீனி போட்டனியே?" கோயிலில் அர்ச்சனைகூடச் செய்தார். பூச்சிகளின் நட்சத்திரம் தெரியாததால் என் நட்சத்திரத்தில்.

இந்த மாசியில் ஆய்வுக்குழு கூடியது. செத்த பற்றீரியாவை வைத்துப் பார்த்தாயா என்று ஒரு பேராசிரியர் சாதாரணமாகக் கேட்டார். சாயமும் தண்ணீரும் மட்டும் வைத்துப் பார்த்திருந்தேன், மின்சாரம் வரவில்லை. அது போதும் என்று நினைத்த என்னை எதால் அடிப்பது?

மறுநாள் பற்றீரியாவை அவித்துக் கொன்றேன். சீனி, சாயம், மற்றதெல்லாம் அப்படியே. மத்தியானத்துக்குள் செத்த போத்தலில் நீலம் வெளிறியது. திரையில் மின்சாரத்தைக் காட்டும் கோடு ஏறி, உயிருள்ள போத்தலின் கோட்டுக்கு மேலேயே போய்ப் படிந்தது. இலத்திரனைக் கொடுத்தது சீனி. நான் காரத்தன்மை கூட்டி வைத்த திரவத்தில் அதற்குப் பற்றீரியா தேவைப்படவில்லை. மூன்று தரம் செய்தேன், மூன்று தரமும் அதே கோடு. கழிப்பறைக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

வேறு தலைப்புப் பார்க்கலாம் என்றார் மேற்பார்வையாளர். எனக்கு முப்பத்துநாலு வயது. இனி எதைப் பார்ப்பது? எல்லாப் போத்தலிலும் பிளீச் ஊற்றிவிட்டு வந்தேன்.

அடுத்த நாள் போக இடமில்லை. ஆனாலும் சப்பாத்தைப் போட்டேன்.

"பூச்சியளுக்குச் சீனி போட்டனியே?"

"ஓம் அம்மா, போட்டனான்."

"வடிவாய்ப் போடு பிள்ளை. வாயில்லாச் சீவனுகள். உன்னை நம்பியெல்லோ இருக்குதுகள்."

ஓம் என்றேன். பஸ்ஸில் ஏறிக் கடைசித் தரிப்பு வரை போய், அதே பஸ்ஸில் திரும்பி வந்தேன்.