கரண்ட் சவாரியும் மாப்பிள்ளையின் டப்பாவும்

வாடகை வண்டி ஓட்டுகிறவனுக்கு ரோட்டுப் பள்ளத்தைவிடப் பின்சீட்டுப் பேச்சுதான் அதிகத் தலைவலி; ஸ்டியரிங் பிடித்த சகோதரர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. உத்திரமேரூரில் ஒரு பழைய ஆம்னி வைத்து ஓட்டுகிறேன். போன வருஷம் ஏகாம்பரம் என்கிற நெல் விவசாயியையும் அவர் மனைவி சரோஜாம்மாவையும் காஞ்சிபுரம் பக்கம் ஒரு ஆஸ்பத்திரிக்குத் தினமும் ஏற்றிப்போனேன். அவருக்கு புராஸ்டேட்டில் கேன்சர். ரேடியேஷன் கொடுத்தார்கள். எங்கள் பக்கம் அதற்குப் பெயர் ‘கரண்ட் வைப்பது’.

ரொம்பிய சவாரி

கரண்ட் வைக்கும்போது மூத்திரப்பை ரொம்பியிருக்க வேண்டும்; அப்போதுதான் குடல் ஒதுங்கி நிற்குமாம். ஆஸ்பத்திரிக்கு வந்து தண்ணீர் குடித்தால் போதும் என்றுதான் சொன்னார்கள். அங்கே காத்திருக்க ஏகாம்பரத்துக்குப் பொறுமை ஏது? வீட்டிலேயே ஒரு சொம்பைக் காலி செய்துவிட்டு வண்டி ஏறுவார். ஊர் எல்லை தாண்டுவதற்குள் முகம் கோணிவிடும்.

ஸ்பீடு பிரேக்கர் போடுகிற புண்ணியவான்கள் ஒரு நாளாவது இவரோடு வந்து பார்த்திருக்க வேண்டும். உருட்டினாலும் எனக்குத் திட்டு, விரட்டினாலும் திட்டு. ஒரு நாள் மேட்டில் ஏறி இறங்கியதும் என் சீட்டைப் பிடித்துக்கொண்டு அலறினார்: “டேய், இன்னாடா ஓட்டுற? இன்னொரு மேடு வந்துச்சுன்னா வண்டிய நீதான் கழுவணும்!”

ஆக்சிடென்ட் மாத்திரை

அவருடைய மாப்பிள்ளை செங்கல்பட்டுக்காரர். ஓட்டல் ஹாலில் கூட்டம் போட்டு, டை கட்டிக்கொண்டு டப்பா விற்கிற கம்பெனியில் இருக்கிறார். ஒரு நாள் எங்களோடு வண்டியில் ஏறி, பையிலிருந்து பளபளவென்று ஒரு டப்பாவை எடுத்தார். “ஆன்டி ஆக்ஸிடன்ட் மாமா. கரண்ட் கெட்டதை மட்டும் சுடும், நல்ல சதைக்கு இது கவசம். வேளைக்கு மூணு போடுங்க.”

ஏகாம்பரம் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டார். கரண்ட் வைத்துக்கொண்ட ஒருவர், ஒண்ணுக்குப் போனால் மிளகாய்த்தூள் தூவின மாதிரி எரியும் என்று அவரிடம் சொல்லி வைத்திருந்தார். அந்தப் பயம் அவருக்கு. சரோஜாம்மா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஆக்சிடென்டுக்கும் மாத்திரை வந்துகீதா? அப்ப மொதல்ல இந்த டிரைவருக்கு ரெண்டு குடுங்க மாப்ள!”

மேஜைமேல் டப்பா

சில வாரத்தில் ஏகாம்பரம் திரும்பி வரும்போதும் சீட்டில் நெளிய ஆரம்பித்தார். யாரிடமும் மூச்சு விடவில்லை. மாத்திரையை மட்டும் கூட்டிக்கொண்டார். டாக்டரம்மாவைப் பார்க்கும் நாளில் கைத்தாங்கலாகக் கூட்டிப்போன நானும் அறைக்குள் நின்றேன். “வேற மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?” என்று டாக்டரம்மா கேட்டார். “ஒண்ணும் இல்லீங்க” என்றார் இவர். சரோஜாம்மா மடியிலிருந்த டப்பாவை எடுத்து மேஜைமேல் டக்கென்று வைத்தார்.

டாக்டரம்மா படித்துப் பார்த்தார். “பழம், காய் தாராளமா சாப்பிடுங்க. இந்த மாத்திரை வேண்டாம். நல்ல சதையைக் காப்பாத்துமான்னு உறுதியா தெரியாது. கேன்சரையும் சேர்த்துக் காப்பாத்திடுமோன்னுதான் எங்களுக்குப் பயம்.” ஏகாம்பரத்துக்கு முகம் வெளுத்துவிட்டது. “களைக்கு மருந்தும் அடிச்சிக்கினு, அதுக்கே யூரியாவும் போட்டுகினு இருந்தேனா?” என்றார். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு, எரிச்சல் தாங்க முடியவில்லை என்பதையும் சொன்னார். கண்ணில் தண்ணீர். டாக்டரம்மா அதற்கு மருந்து எழுதிக்கொண்டே கேட்டார்: “எரியுதுன்னு எங்கிட்ட சொல்ல வெக்கம், டப்பாகிட்ட சொல்ல வெக்கமில்லையா?”

மாப்பிள்ளையின் விளக்கம்

சேதி தெரிந்து மறுநாளே மாப்பிள்ளை வண்டியை மறித்து ஏறினார். செல்போனில் வீடியோ மேல் வீடியோ போட்டுக் காட்டினார். டாக்டர்களுக்கு இதெல்லாம் சொல்லிக்கொடுப்பதில்லையாம். வாலாஜாபாத் தாண்டுகிற லாரிக்காரன் ஹாரன்கூட இவ்வளவு நேரம் அடித்து நான் கேட்டதில்லை.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஏகாம்பரம் மரியாதையாகத்தான் கேட்டார்: “நீங்க எத்தினி நாளா இத சாப்புடுறீங்க மாப்ள?” மாப்பிள்ளை டையைத் தளர்த்திக்கொண்டார். “எனக்கு ஒத்துக்காது மாமா, அசிடிட்டி.”

போட்டோ

டாக்டரம்மா கொடுத்த மருந்தில் எரிச்சல் மெல்ல அடங்கியது. ஒரு நாளும் விடாமல் கரண்ட் வைத்து முடித்தார்கள். சில மாசம் கழித்து எடுத்த ரத்தப் பரிசோதனையில் கேன்சரைக் காட்டும் அளவு நன்றாக இறங்கியிருந்தது. ஆனாலும் செக்கப்புக்குத் தவறாமல் வரவேண்டும் என்றார் டாக்டரம்மா. அத்தனை நாளும் அழாத சரோஜாம்மா அன்றைக்கு வண்டியில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

அந்த வாரமே வாட்ஸ்அப்பில் ஏகாம்பரத்தின் போட்டோ சுற்றியது. மகள் கல்யாணத்தில் எடுத்தது. கீழே, ‘எங்கள் தயாரிப்பால் குணமடைந்தவர்’. நான் காட்டியதும் சரோஜாம்மா சொன்னார்: “பொண்ணக் குடுத்தோம், இப்ப போட்டோவும் போச்சு, இன்னும் இன்னாத்த குடுக்கணுமாம் இவருக்கு?”

கேன்சருக்குக் கரண்ட் வைக்க மிஷின் வந்துவிட்டது, சொந்தக்காரர் வாய்க்கு வைக்கத்தான் இன்னும் எந்த மிஷினும் வரவில்லை.