பதிவேட்டில் இருந்த மருத்துவச்சி

அந்த ஆஸ்பத்திரியின் ஹெட் கிளார்க்கை நான் வெறுத்ததாகச் சிலர் பிற்பாடு சொன்னார்கள். தப்பு. வெறுக்கிற அளவுக்கு அவரிடம் ஒன்றும் இல்லை. அங்கிருந்த வெள்ளைக்கார டாக்டர் துரையிடமும் இல்லை. இரண்டு பேரையும் நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வருவது இளப்பம்தான்.

காவிரியிலிருந்து கம்பி வழியாக மின்சாரம் வந்து, தங்கச் சுரங்கத்து இயந்திரங்கள் புதுச் சத்தம் போட ஆரம்பித்திருந்த வருஷங்கள் அவை. என் கணவர் பூமிக்கடியில் பாறை சரியாமல் மரம் முட்டுக்கொடுக்கும் வேலை செய்தார். கல்யாணமாகி, சுரங்க ஊரான ஊரிகத்துக்கு வந்து, கூலிக்காரர்களின் லைனில் ஒரு தட்டி வீட்டில் குடியிருந்தோம். நான் வடாற்காட்டில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கப் படித்து, சர்ட்டிபிகேட்டோடு வந்தவள். லைன்களில் இருக்கும் பெண்களுக்குப் பிரசவம் பார்க்கப் படித்த மருத்துவச்சி தேவை என்று சுரங்க ஆஸ்பத்திரி ஒன்றில் கேட்டிருந்தார்கள். மனுப் போட்டேன்.

மூன்று தடவை கூப்பிட்டு விசாரித்தார்கள். மூன்றாவதும் கடைசியுமாக டாக்டர் துரையே விசாரித்தார். குழந்தை கால் முதலில் வந்தால் என்ன செய்வாய் என்று இங்கிலீஷில் கேட்டார். நானும் இங்கிலீஷிலேயே சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் அவர் சுருட்டைத் தேடத் தொடங்கிவிட்டார். நான் சொல்லி முடித்தபோது சுருட்டு கிடைத்திருந்தது.

“நல்லது. ஒரு வாரத்தில் எழுதுவோம்” என்றார்.

ஒரு வாரம் போனது. இன்னொரு வாரமும் போனது. தபால் வரவில்லை.

“போய்க் கேட்டுட்டு வா. கேக்கறதுல இன்னா கீது?” என்றார் என் கணவர்.

போனேன். ஹெட் கிளார்க் தலையைத் தூக்காமலே, “இன்னாம்மா?” என்றார். சொன்னேன்.

“உங்க பேப்பர் மேலே போயிருக்குது.”

“மேலேன்னா எங்கீங்க?”

“மேலேதாம்மா. வரும், போங்க.”

அந்த ஆஸ்பத்திரிக்கு மாடியே கிடையாது. டாக்டரின் அறை அவர் நாற்காலிக்குப் பின்னால் பத்தடி தூரத்தில் இருந்தது. கதவுகூடத் திறந்துதான் இருந்தது.

அப்புறம் மரியாதையாக ஒரு கடிதம் எழுதினேன். பதில் இல்லை. இரண்டாவது முறை நேரில் போனபோது, “உங்க வீட்டுக்காரரை அனுப்புங்கம்மா. பொம்பளைங்க ஆபீஸ்ல வந்து நின்னா நல்லாவா கீது?” என்றார். என் கணவர் ஒரு ஷிப்டை விட்டுவிட்டுப் போனார். கிளார்க் அவரிடம், “வேலை அந்தம்மாவுக்குத்தானே? அவங்கதான் வரணும்” என்று சொல்லி அனுப்பிவிட்டார். என் கணவர் வீட்டுக்கு வந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இதற்கிடையில் லைன்களில் குழந்தைகள் பிறந்துகொண்டிருந்தன. உத்தரவு வருகிறவரை காத்திருங்கள் என்று பிள்ளைத்தாய்ச்சியிடம் சொல்ல முடியுமா? கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போனேன். என்னிடம் கத்தரிக்கோலும் நூலும் கொதித்த தண்ணீரும்தான் இருந்தன. தமிழர் வீடு, தெலுங்கர் வீடு என்றில்லாமல் போனேன். பிறப்பு இறப்பு எழுதிக்கொண்டு போக ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு மேஸ்திரி வாரம் ஒருமுறை லைனுக்கு வருவார். “யாரு பாத்தாங்க?” என்று கேட்பார். பெண்கள் என்னைக் காட்டுவார்கள். எழுதிக்கொண்டு போவார்.

நந்திதுர்க் சுரங்கத்துப் பக்கத்து லைனில் ஒரு பெண்ணுக்குத் தலைப்பிரசவம். விடிகாலையில் வலி எடுத்தது. வெயில் ஏறியும் குழந்தை இறங்கவில்லை. ஆயுதம் போட்டு எடுக்க வேண்டிய பிரசவம் அது. என்னிடம் ஆயுதம் கிடையாது. அவள் புருஷனை ஆஸ்பத்திரிக்கு ஓடச் சொன்னேன். அவன் மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தான்.

“பெரசவம் பாக்க அங்க ஆளு இல்லியாம். மருத்துவச்சி வேலைக்கு இன்னும் யாரையும் போடலியாம். அந்தக் கிளார்க்கு சொன்னாரு.”

மத்தியானத்தில் குழந்தை இறந்து பிறந்தது. ஆண் குழந்தை. தாயைக் காப்பாற்ற முடிந்தது. அது அவள் உடம்பின் பலம், என் திறமை என்று சொல்ல மாட்டேன். குழந்தையைப் பற்றி அவள் தெலுங்கில் கேட்டுக்கொண்டே இருந்தாள். எனக்குத் தெலுங்கு நன்றாகப் புரியும். புரியாதவள் மாதிரி துணியைப் பிழிந்துகொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் மணியடிக்க, ஹெட் கிளார்க் உள்ளே போனார். அவர் மேஜையில் பிரசவப் பதிவேடு விரித்தபடி கிடந்தது. எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியும் என்பது அவர் ஞாபகத்திலேயே இருந்ததில்லை. படித்தேன். நான் எடுத்த குழந்தைகள் எல்லாம் வீட்டு நம்பரோடு வரிசையாக இருந்தன. ‘பிரசவம் பார்த்தவர்’ என்ற பத்தியில் ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘ஆஸ்பத்திரி மருத்துவச்சி’ என்று அழகான கையெழுத்து. நந்திதுர்க் பக்கத்துக் குழந்தைக்கு எதிரே மட்டும் ‘நாட்டு மருத்துவச்சி, படிப்பில்லாதவள்’ என்றிருந்தது.

அவர் வெளியே வந்ததும் விரலை வைத்துக் காட்டினேன். “இந்த ஆஸ்பத்திரி மருத்துவச்சி யாருங்க?”

கொஞ்சம் தடுமாறினார், அவ்வளவுதான். “அது ஆபீஸ் வழக்கம்மா. நல்லபடியா நடந்தா ஆஸ்பத்திரிக்குப் பேரு. நீங்க எப்படியும் இங்க வரப்போறவங்கதானே?”

“செத்துப் பொறந்ததையும் நான்தானே பாத்தேன்?”

“அதை எப்படிம்மா நம்ம பேர்ல எழுதறது?”

எவ்வளவு சாதாரணமாகக் கேட்டார்! தான் செய்தது தப்பு என்று அந்த ஆளுக்குக் கடைசிவரை தோன்றவேயில்லை. அவரோடு பேசி ஆகப்போவது ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு வந்து, டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதினேன்.

‘ஐயா, தங்கள் ஆஸ்பத்திரி மருத்துவச்சி லைன்களில் பார்க்கும் பிரசவங்களில் ஒரு குழந்தைகூடத் தவறவில்லை என்று பதிவேட்டில் கண்டேன். நான் பார்த்த ஒரு குழந்தை தவறிவிட்டது. அந்த அம்மாளைச் சந்தித்து, எப்படிச் செய்கிறார் என்று கற்றுக்கொள்ள விரும்புகிறேன். அவர் எந்த வீட்டில் குடியிருக்கிறார் என்று தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.’

இதை ஹெட் கிளார்க்கிடம் கொடுக்கவில்லை. காலையில் டாக்டர் குதிரை வண்டியிலிருந்து இறங்கும்போது அவர் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுநாளே ஆள் வந்தது. உள்ளே போனபோது கடிதம் மேஜைமேல் இருந்தது. ஹெட் கிளார்க் சுவரோரமாக நின்றிருந்தார். இப்போதாவது ஒரு மனுஷனைப் பார்க்கப் போகிறோம், கோபப்படுவார், கிளார்க்கைக் கேள்வி கேட்பார் என்று நினைத்தேன். டாக்டர் கிளார்க்கிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“பிரசவ அறிக்கை சீமையில் கம்பெனிக்குப் போய்விட்டதா?”

“போய்விட்டது, சார்.”

டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். மாதாமாதம் அந்தப் பதிவேட்டின் அடியில் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். ஒரு பக்கத்தையும் படித்ததில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு முகம் தெளிந்தார். பதிவேட்டில் முதல் வரி எழுதிய தேதியிலிருந்தே நான் வேலையில் சேர்ந்ததாக உத்தரவு போட்டுவிடலாம், எல்லாம் சரியாகிவிடும் என்றார். பொய்யைத் திருத்துவது அவருக்குச் சிரமம். அதற்கு ஏற்றபடி என்னைத் திருத்துவது சுலபமாக இருந்தது.

“அப்படியானால் அந்த இறந்த குழந்தைக்கு எதிரிலும் என்னைத்தான் எழுத வேண்டும், சார்” என்றேன்.

“அது அப்படியே இருக்கட்டும்” என்றார். “உன் நல்லதுக்குத்தான்.”

அந்தச் சமயத்தில் எழுந்து வந்திருக்க வேண்டும். ஆனால் அவர் முதுகுக்குப் பின்னால் கண்ணாடி அலமாரியில் கிருமி கொல்லும் கார்பாலிக் பாட்டில்களும், துணியில் சுற்றிய ஆயுதங்களும் இருந்தன. என் கண் அங்கேயே இருந்தது. “தேங்க் யூ, சார்” என்றேன். அவர்களை எவ்வளவு இளப்பமாக நினைத்தாலும் அந்த இரண்டு வார்த்தையைச் சொன்னது நான்தான். அதற்காக என்னையும் கொஞ்சம் அந்த வரிசையில் சேர்த்துத்தான் நினைக்க வேண்டியிருக்கிறது.

சாயங்காலம் என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. “வேற இன்னா சொல்லியிருப்பே?” என்று கேட்டார்.

இரண்டு நாள் கழித்து ஒரு பிரசவத்துக்குக் கூப்பிட்டார்கள். அலமாரியைத் திறக்கச் சொல்லி, வேண்டியதை எல்லாம் பையில் எடுத்து வைத்துக்கொண்டேன். நான் வெளியே வரும்போது ஹெட் கிளார்க் நாற்காலியை விட்டு எழுந்து நின்று, “வாங்கம்மா” என்றார். நான் நிற்கவில்லை.