அமிர்தவல்லி பிடித்துக்கொண்ட கை

முகம் கழுவும்போது விழுந்து இறந்துவிட்டார் என்று தொலைபேசியில் சொன்னார்கள். எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, எரிச்சல். முகம் கழுவும்போது யாராவது விழுவார்களா? போன வருடம்தான் ஓய்வு பெற்ற அமிர்தவல்லி டீச்சருக்கு நோய்நொடி என்று ஒன்றும் கிடையாதே. அவரோடு வேலை பார்த்த நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அவர் விலங்கியல், நான் கணக்கு. எங்கள் வகுப்புகளுக்கு நடுவே ஒரு மரத்தடுப்புதான். அவர் உள்காதுப் பாடம் நடத்தும் நாளில் என் பிள்ளைகள் கணக்கை விட்டுவிட்டு அந்தப் பக்கமே கவனிப்பார்கள். "உள்காது ஒரே வீட்டுல ரெண்டு குடித்தனம் மாதிரிடா. நத்தை மாதிரி சுருண்டிருக்குறவரு வேலை, சத்தத்தை வாங்கி மூளைக்குச் சொல்றது. பக்கத்துப் போர்ஷன்ல மூணு வளைஞ்ச குழாய். உள்ள தண்ணி மாதிரி ஒண்ணு இருக்கு. தலை திரும்புனா அது அசையும். எந்தப் பக்கம் திரும்புறோம், சாயுறோம்னு மூளைக்கு அங்கேருந்துதான் சேதி போகும்" என்பார். பிறகு எல்லோரையும் கண்ணை மூடி ஒற்றைக் காலில் நிற்கச் சொல்வார். பெஞ்சுகள் தடதடக்கும். ஒருமுறை எட்டிப் பார்த்து, "எங்க, நீ நின்னு காட்டு பாப்போம்" என்று சீண்டினேன். மேசையைப் பிடித்துக்கொண்டு, "நான் டீச்சர்டி, விழக்கூடாது" என்றார். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன்.

என் கையைப் பிடிக்காமல் அவர் நடந்தது அபூர்வம். பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துப் போனால், மணலில் கால் வைத்ததுமே என் கையோடு கை கோத்துக்கொள்வார். கரண்ட் போனால் பிடி இறுகும். ஆசிரியர் அறையில் எங்களைக் கேலி செய்யாதவர் இல்லை. நான் திருவேட்டக்குடியில் மீன் விற்றவள் மகள். சுரக்குடியில் நிலபுலன் உள்ள வீட்டுப் பெண் என்னோடு இப்படி ஒட்டிக்கொண்டதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

எனக்குப் புதுச்சேரிக்குத் தலைமையாசிரியையாகப் பதவி உயர்வு வந்தது. "நீ போயிட்டா இந்தப் பள்ளிக்கூடத்துல நான் எப்படிடி இருப்பேன்?" என்று கண்கலங்கினார். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். என் வீட்டுக்காரர் ரொம்ப நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. சிநேகிதிக்காகத்தானே என்று நான் நிமிர்ந்தே நடந்தேன்.

கருமாதி அன்று அவர் மகளிடம், "அம்மா எப்படிம்மா விழுந்தாங்க?" என்று கேட்டேன்.

"கண்ணை மூடிட்டாங்க போல ஆன்ட்டி. மூடினா அம்மாவால நிக்க முடியாதே. நான் பொறக்குறதுக்கு முன்னாடி, கடுமையான காய்ச்சல்ல உயிர் பொழைக்கப் போட்ட ஊசி, ரெண்டு காதுலயும் அந்தக் குழாய் வேலையைக் கெடுத்துடுச்சு. கேக்குறது மட்டும் நல்லா இருந்துச்சு. கண்ணை வச்சும் காலை வச்சும்தான் சமாளிச்சாங்க. இருட்டு, மணலுன்னா பிடிச்சுக்க யாராச்சும் வேணும். இன்னிக்கு வரைக்கும் உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. கடைசி பெஞ்சு முணுமுணுப்புவரை கேட்கிற காதில் கோளாறு இருக்கும் என்று யார் நினைப்பார்கள்?

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நானும் முன்னாடி ஒருதரம் கேட்டேன் ஆன்ட்டி. 'சொல்லிட்டா கோமதி என் கையைப் பிடிப்பா. இப்ப நான் அவ கையைப் பிடிக்கிறேன்'னாங்க." அந்தப் பெண் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இலையில் உட்காராமல் வந்துவிட்டேன்.

குறையை மறைப்பது அவரவர் உரிமை. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என்னைப் போகாதே என்று அழுத அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். தெரிந்தே தங்கியிருப்பேன். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் அந்த மூன்று குழாயை விளக்கியவர், தனக்காகப் பதவி உயர்வை விட்டவளிடம் வாய் திறக்கவில்லை. சிநேகிதி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவருக்கு நான் சுவராக இருந்திருக்கிறேன்.

அஞ்சலி என்றால் நல்லதைத்தான் எழுத வேண்டுமாம். நல்லது நிறைய இருக்கிறது, இன்றைக்கு எழுத வரவில்லை. அவரால் என்னிடம் மிஞ்சியிருப்பது என் இடது கை. தனியாக நடக்கும்போதும் அது உடம்பை விட்டுச் சற்று விலகி, யாரோ கோத்துக்கொள்ள இடம் விட்டே இருக்கிறது. அடிப்பாவி, கேட்டிருந்தால் தரமாட்டேன் என்றா நினைத்தாய்?