பகிடிப் பக்கத்தில் கை வைக்காதீர்கள்

பியானோவுக்குச் சுருதி கூட்டும் தொழிலில் இருநூறு சொச்சம் கம்பிகளைப் பணிய வைத்துவிடலாம், பியானோவின் சொந்தக்காரர் ஒருவரைப் பணிய வைக்க முடியாது.

என்னோடு சேர்ந்து அவதிப்படுகிறவர்களே, இந்த நாட்டில் நாம் எல்லாரும் ஒரு வான் வண்டிக்குள் அடங்கிவிடுவோம். நமக்கென்று இருப்பது நம் சங்கத்தின் இந்தச் சஞ்சிகை ஒன்றுதான். அதன் கடைசிப் பக்கத்துக் கதையையும் சிரிக்க வைக்கிற பகிடியையும் அடுத்த இதழோடு நிறுத்தப் போகிறார்களாம். தொழில் சஞ்சிகைக்குத் தரம் வேண்டுமாம். நான் பத்தாம் வகுப்போடு நின்றவள், தரம் எனக்குத் தெரியாது. ஆனால் மூன்று பிள்ளைகளை வளர்த்த காலத்தில்கூட எனக்கு இவ்வளவு கோபம் வந்ததில்லை. நிறுத்துமுன் இதைப் போடட்டும்.

எண்ணெய்

தேற்றாத்தீவில் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ரீச்சர் ஒருவரின் வீடு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. கம்பி துருவேறாமல் என்ன செய்யும்? துருவுக்குப் பயந்து அவர், கம்பி சுற்றுகிற ஒவ்வொரு ஆணிக்கும் தேங்காயெண்ணெய் விட்டிருந்தார். எண்ணெய் குடித்த பலகையில் ஆணி நிற்குமா? நான் இறுக்க இறுக்க வழுக்கிக்கொண்டு திரும்பி வந்தது.

மனதுக்குள் ஒரு செபம் சொல்லிக்கொண்டு, "தேங்காயெண்ணெய் விட்டதால பலகையே போயிட்டுது ரீச்சர்" என்றேன். அவர் எண்ணெய்ப் போத்தலைத் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப மறுகா, நல்லெண்ணெயா கா விட்டிருக்கணும்?"

ஆள் எங்கே?

களுவாஞ்சிக்குடியில் கதவைத் திறந்த ஐயா, என் தோளுக்குப் பின்னால் எட்டி எட்டிப் பார்த்தார். திருத்துகிறவர் பின்னால் வருகிறார் என்று நினைத்திருப்பார். நான்தான் என்றேன். முன்பு இந்த வேலை செய்த என் மனிசனின் கை நடுங்கத் தொடங்கியதிலிருந்து நான்தான். ஐயா கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டு, வேலை முடியும்வரை என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் நாலைந்து கட்டைகளை அழுத்திப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"நல்லாத்தான் கிடக்கு தங்கச்சி. உங்கட மனிசன் ஒருக்கா வந்து சரியெண்டு சொன்னாரெண்டா நம்பிருவன்."

மூடிக்குள்

அன்றைக்குத் திரும்பி வரும் பஸ்ஸில் நான் சொன்ன செபத்தைப் பங்குச் சாமியிடம் சொல்ல முடியாது. அந்தக் கோபத்தை எங்கே கொட்டுவது? வாடிக்கையாளரிடம் கொட்டினால் அடுத்த வேலை வராது. வீட்டில் கொட்டினால் மனிசனுக்கு நோகும். ஆகவே கடைசிப் பக்கத்தில் கொட்டினேன். ரீச்சரின் எண்ணெயையும், அப்போது ஊர் பேர் சொல்லாமல், அங்கேதான் எழுதினேன்.

ஆணிக்கு எண்ணெய் ஆகாது என்று இதே சஞ்சிகையில் முன்பு படத்தோடு பெரிய கட்டுரை வந்தது. யாருக்காவது நினைவிருக்கிறதா? என் பகிடி வந்த பிறகு திருகோணமலையில் நம் தொழில் செய்கிற தம்பி ஒருவர் போன் எடுத்தார்.

"அக்கா, உங்கட பகிடிய வெட்டிப் போற போற வீட்டுப் பியானோ மூடிக்குள்ள ஒட்டுறன். அதுக்குப் பிறகு ஒருத்தரும் எண்ணெய் விடல்ல. அந்தப் படம் போட்ட கட்டுரையில சனம் மீன்தான் சுத்துது."

தரம்

இதையெல்லாம் சஞ்சிகை ஆசிரியருக்குப் போனில் சொன்னேன். சுகம்கூட விசாரிக்கவில்லை, அவ்வளவு கோபம். "கட்டுரை வேற, கதை வேற அக்கா" என்று அவர் இழுத்தார். "சரி தம்பி, சஞ்சிகை கைக்கு வந்தா முதல்ல எந்தப் பக்கத்தைப் பாக்கிறீங்க? ஆண்டவருக்குப் பயந்து சொல்லுங்க" என்றேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"உங்கட பக்கந்தான் அக்கா. அதாலதான் நிப்பாட்டுறம். அதப் படிச்சா, மறுகா மத்தப் பக்கம் ஒண்டும் படிக்க மனம் வருகுதில்ல."

சுருதி விலகின கட்டைகளை அப்படியே விட்டுவிட்டு, நன்றாகப் பேசுகிற ஒரே கட்டையைப் பிடுங்கி எறிகிறவரைப் பியானோ திருத்துகிறவர்களின் சங்கத்தில் யார் சேர்த்தார்களோ, ஆண்டவருக்குத்தான் வெளிச்சம்.