வானத்தில் விழுந்த வெட்டு

கண்காட்சி நடத்தினவரே, நீர் என் கையொப்பத்தைக் கள்ளமாகப் போட்டீர்.

நான் முப்பத்தொரு வருடம் தீவுப்பகுதிப் பள்ளிக்கூடங்களில் சித்திரம் படிப்பித்தவள். பிள்ளைகளின் படத்தில் ஒரு கோடுகூடத் திருத்தியதில்லை. திருத்தினால் அது யாருடைய படம்?

நெடுந்தீவில் படிப்பித்த காலத்தில் ஒரு மீன்பிடிக் குடும்பத்தின் வீட்டில் தங்கியிருந்தேன். அங்கேதான் அச்செடுப்பதற்காக அந்த வேப்பம்பலகையைச் செதுக்கினேன். கீழே கல்வேலியும் இரண்டு மாடும். மேலே வானம். அதைச் செதுக்காமல் மொட்டையாக விட்டேன். அச்சில் வெட்டின இடம் வெள்ளையாகவும் வெட்டாத இடம் முழுக் கறுப்பாகவும் வரும். மை பூசி, தாளை வைத்து, கரண்டியின் முதுகால் தேய்த்து எட்டுப் பிரதிகள் எடுத்தேன். எட்டிலும் பென்சிலால் கையொப்பம் போட்டேன். பலகையைக் குசினியில் அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் சாத்திவிட்டு விடுமுறைக்கு என் ஊருக்கு, கரம்பொன்னுக்கு வந்தேன்.

திரும்பிப் போனால், வீட்டுக்கார அக்கா அதில் வைத்துப் பாரை மீன் வெட்டிக்கொண்டிருக்கிறா.

"ஐயோ ரீச்சர், மேல்பக்கம் சப்பட்டையாக் கிடந்தது. படம் கீழதானே?"

"வானமும் படம்தான் அக்கா."

"வானத்தில வெட்டுப்பட என்ன கிடக்கு?"

எனக்குக் கோபம் வந்தது, பிறகு சிரிப்பும் வந்தது. பலகையைக் கழுவி எடுத்து வைத்தேன். அதற்குப் பிறகு அதில் ஒரு பிரதியும் எடுக்கவில்லை.

போன வருடம் நீர் வந்து, பலகையை மட்டும் காட்சிக்கு வைக்கப் போவதாகச் சொன்னீர். நம்பித் தந்தேன். மண்டபத்துக்கு வந்து பார்த்தேன். சுவரில் பலகை இல்லை. அந்தப் பலகையில் புதிதாக எடுத்த மூன்று அச்சுப் பிரதிகள் தொங்கின. கறுப்பு வானம் முழுக்க வெள்ளைக் கீறல்கள். அடியில் என் கையொப்பம். பக்கத்தில் ஒரு குறிப்பு: 'போரின் காயங்கள் பட்ட வானம்.'

"தம்பி, அது பாரை வெட்டின தடம்," என்றேன் உம்மிடம்.

"பாக்கிற ஆக்களுக்கு அது தெரியவேணுமே, ரீச்சர்?"

"கையொப்பம்?"

"நீங்கள் எப்பிடியும் போட்டிருப்பியள்தானே."

போட்டிருக்க மாட்டேன். என் கை தேய்க்காத தாளில் என் பெயர் வராது. போர் எனக்கும் தெரியும். அதை வரைய வேண்டுமென்றால் நானே வரைவேன். மீன் கத்தி எனக்காக வரையத் தேவையில்லை.

நீர் வீட்டுக்கு வந்து தனியாக மன்னிப்புக் கேட்க வேண்டாம். அதே மண்டபத்தில், ஆட்களைக் கூப்பிட்டு வைத்து, அந்த மூன்று தாளையும் கையில் பிடித்துக்கொண்டு சொல்லும்: இவற்றை அச்சடித்தது யார்? என் பெயரை எழுதியது யாருடைய கை?